பெயர் போடாத சீட்டு

தம்பி,

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நடுவில் நீ பேசுவாய், நான் அழுவேன், நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் அடுத்தவர்களைப் பேசவிடாமல் பேசியவள், பெற்ற பிள்ளையிடம் மட்டும் வாயடைத்துப் போகிறேன். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. படித்த பிறகு நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கொடுத்தாலும் சரி, வேறு யாரிடம் கொடுத்தாலும் சரி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற யார் கையில் இது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். மூடி வைத்தது போதும்.

போன வாரம் பெருமாள்மலை வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார் என்று சொன்னேன் இல்லையா, திண்டுக்கல்லிலிருந்து, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்காரர். உன் வயதுதான் இருக்கும். என்னிடம் வேலை பார்த்த கணக்கு சார் இப்போது மலைக்குக் கீழே வேறொரு அரசுப் பள்ளியில் இருக்கிறார். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர் மேல் புகார் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் சொன்ன அன்றைக்கே அங்கிருந்த டீச்சர் ஒருத்தி, மேலே கீழே யாரையும் கேட்காமல் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள். வழக்கு நடக்கிறது. நம் பள்ளியை விட்டு அவர் எதனால் போனார் என்று கேட்கத்தான் அந்த அதிகாரி வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். "குடும்பச் சூழ்நிலைங்க" என்றேன். பிள்ளைகள் யாராவது அப்போது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டு, ஞாபகம் வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். உடனே உனக்குத்தான் போன் பண்ணினேன். நீ சொன்னாய்: "அதையே சொல்லிட்டு இரும்மா. ஞாபகம் இல்ல, அவ்ளோதான். கல்யாணம் முடியட்டும்."

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. பழனி அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். நமக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததே ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு என்கிற ஒரே பேச்சில்தான். நிச்சயத்தன்று உன் மாமனார் தன் சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, மேல்மலைப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா மாதிரி இருந்தவங்க என்று சொன்னபோது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது தம்பி. அன்றைக்கு நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்பது வரைக்கும்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள். ஒன்று முதல் எட்டு வரை சேர்த்து எழுபது பிள்ளைகள்கூட இல்லாத நடுநிலைப் பள்ளி. அங்கே வேலைக்கு வருகிற ஆசிரியர்கள் பாதிப் பேர் கீழேயிருந்து வருகிறவர்கள். திங்கட்கிழமை மதியம் வாந்தியும் தலைச்சுற்றலுமாக வந்து இறங்கி, வெள்ளிக்கிழமை மதியமே பையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். மாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்பதுதான் ஆசிரியர் அறையில் முதல் பேச்சு. கணக்குக்கு இரண்டு வருஷம் ஆளே இல்லாமல் நான் தமிழையும் நடத்தி, தெரிந்தும் தெரியாமலும் கணக்கையும் நடத்தினேன். அப்படி இருக்கும்போது அவர் வந்தார். ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கினார். பள்ளி விட்ட பிறகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் தேறினார்கள், பேப்பரில் படம் வந்தது, படத்தின் நடுவில் நான் நின்றேன். ஊர்க்காரர்கள் அவர் வீட்டு வாசலில் உருளைக்கிழங்கும் பூண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். சாமி அனுப்பிவைத்த ஆள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பார், இப்போதும் அவர் இவர் என்றுதான் எழுத வருகிறது.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட எல்லாப் பள்ளியிலும் ஒரு பெட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நாங்களும் வைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் முன்னால்தான் அதைத் திறக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் பெற்றோரை எங்கே பிடிப்பது? வெள்ளனே காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். அதனால் சாவியை நானே வைத்துக்கொண்டு நானே திறந்து, பதிவேட்டில் கையெழுத்துக்கு மட்டும் வீடு வீடாக அனுப்பினேன். இதுதான் வெளியே சொல்கிற காரணம். உண்மைக் காரணம், ஏடாகூடமாக ஏதாவது சீட்டு இருந்தால் நாலு பேர் கண்ணில் படுவதற்கு முன்னால் என் கண்ணில் படட்டும் என்பதுதான். கக்கூசில் தண்ணீர் இல்லை, முட்டை சின்னதாக இருக்கிறது, பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார், இப்படித்தான் வரும். படித்துச் சிரித்துக்கொள்வேன். பெட்டி வைத்த அன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர் போட வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, தைரியமாக எழுதுங்கள் என்று உரக்கச் சொன்னவளும் நான்தான்.

ஒரு புதன்கிழமை அந்தச் சீட்டு வந்தது. மூன்று வரி. சாயங்கால வகுப்பில் தன்னைத் தனியாக நிறுத்தி வைக்கிறார், தொடுவது பிடிக்கவில்லை, தயவுசெய்து நீங்களும் கூட இருங்கள் டீச்சர் என்று இருந்தது. கோணல்மாணலான எழுத்து. இடது கையால் எழுதியிருக்கிறாள். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன் கேள். அதைப் படித்ததும் என் மனசில் முதலில் வந்தது அந்தப் பிள்ளையைப் பற்றிய பதற்றம் இல்லை. யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிற வீம்பு. அத்தனை பிள்ளைகளின் கட்டுரை நோட்டையும் திருத்துகிறவள் நான். எந்தக் கையால் எழுதினால் என்ன, எனக்கா தெரியாது? நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கண்டுபிடித்ததும் எனக்குள் ஒரு பெருமை வந்தது தம்பி. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அத்தோடாவது நிறுத்தினேனா? வாசலில் நின்ற ஒரு பையனை அனுப்பி, அவள் பெயரைச் சொல்லி, ஹெட்மிஸ்ட்ரஸ் வரச் சொன்னார் என்று கூப்பிட்டேன். அப்போது அவர்களுக்குக் கணக்கு வகுப்பு. அந்தச் சாரின் முன்னாலிருந்து எழுந்து, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அவள் வந்தாள். பெட்டி திறக்கிற நாள் புதன்கிழமை என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு லீடர், கணக்கில் முதல், மதிப்பெண் குறைந்தால் சாப்பிடாமல் இருக்கிற ரகம். சீட்டைக் காட்டி நீதானே எழுதினாய் என்று கேட்டேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பேரு போடாம எழுதுனா யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளையை உட்கார வைத்து, நீ சொல்வதை நம்புகிறேன் என்று சொல்லி, அந்த நிமிஷமே போனை எடுத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாதா? போக்சோ சட்டம் பற்றிக் கொடைக்கானலில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், தலைமை ஆசிரியருக்கே தண்டனை உண்டு என்று தெளிவாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அவ்வளவு படித்தவள் அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லா யோசிச்சுப் பாரு, சார் பாசமாத் தொட்டிருப்பாரு, உனக்குத்தான் தப்பாப் பட்டிருக்கும் என்றேன். ஊருக்குத் தெரிந்தால் உன் பெயர்தான் கெடும் என்றேன். மறந்துரு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எங்கள் பிள்ளைகள் டீச்சர் சொன்னால் எதற்கும் தலையாட்டுவார்கள்.

மதியம் அவரே என் அறைக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. அழுதார். தன் பிள்ளைகள் படத்தைப் போனில் காட்டினார். அழுதபோதுதான் சீட்டில் இருந்தது நிஜம் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. பட்டும் என்ன செய்தேன்? அரையாண்டுத் தேர்வை நினைத்தேன், பேப்பரில் வந்த படத்தை நினைத்தேன், ஓய்வுக்கு இருக்கிற வருஷங்களை நினைத்தேன். போலீஸ் வந்தால் மேல்மலையில் எந்த வீட்டிலும் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடந்து போய்ச் சீட்டை அதற்குள் போட்டேன். பதிவேட்டில் அந்த மாதத்துக்கு நேராகப் புகார் ஏதும் இல்லை என்று எழுதினேன். அலுவலகத்தில் தெரிந்தவர் மூலம் பேசி, இரண்டு வாரத்தில் அவரைக் கீழே வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்ப ஏற்பாடு செய்தேன். காரணம் குடும்பச் சூழ்நிலை. சத்தம் இல்லாமல் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் அவரை நானே கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டேன் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதுகூடப் பொய்தான், ஏறவிடவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் பள்ளியில் யார் மாறுதலாகிப் போனாலும் பொன்னாடை, சுண்டல், பிரிவு உபசார மடல் எல்லாம் உண்டு. மடலை எட்டாம் வகுப்பு லீடர்தான் தன் கையால் எழுதி வாசிக்க வேண்டும். அது நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். வேறு பிள்ளையை வாசிக்கச் சொன்னால் ஏன் என்று ஊர் கேட்கும். அந்தப் பயத்தில் அவளையே எழுதச் சொன்னேன். கொண்டுவந்து காட்டினாள். நான் பிழை திருத்திக் கொடுத்தேன். எங்களுக்கு ஒளி காட்டிய ஆசானே என்று அவள் வாசிக்கும்போது நான் மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரே சீராக வாசித்து முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிள்ளைகள் வரிசையில் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் முறை வந்தபோது நான் போனில் பேசுவதுபோல் வெளியே போய்விட்டேன். அதனால் அவள் கும்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

சத்துணவுச் சமையல்காரம்மா மட்டும் விழா முடிந்த அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் அடுப்பில் காகிதம் போட்டதையும், அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏன் டீச்சர், எழுதுன பிள்ளைய ஆளனுப்பியா கூப்புடுவாக? இனிமே எந்தப் பிள்ள அந்தப் பெட்டியில போடும்?"

உன் சோலியைப் பார் என்று அவளை விரட்டிவிட்டேன். அவள் சொன்னபடிதான் ஆயிற்று. நான் ஓய்வுபெறுகிற வரைக்கும் அந்தப் பெட்டியில் ஒரு சீட்டு விழவில்லை, முட்டையைப் பற்றிக்கூட. எழுதின பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? மாதா மாதம் புகார் ஏதும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். ஒரு கூட்டத்தில் அதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள். அந்த வருஷம் முடிந்ததும் சீட்டு எழுதின பிள்ளையின் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். "ஐஸ்கூலு தூரமா கெடக்கு டீச்சர், பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்ப" என்றாள். வேறு பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் நான் நேரில் போய்ச் சண்டை போட்டுப் படிக்க அனுப்ப வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவள் பள்ளியை விட்டுப் போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

உனக்கும் நான் இதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். மறந்திருப்பாய். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வேனில் வருகிற உதவியாளர் காதைத் திருகுகிறார், வேனில் போக மாட்டேன் என்று அழுதாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, சும்மாவா திருகுவாங்க, நீ என்ன சேட்டை பண்ணுன என்று கேட்டேன். உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து டெப்போவில் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஒரு மாதம் உன்னை நடத்தியே கூட்டிப்போனார். பிறகு அந்த ஆளை வேனைவிட்டு எடுத்துவிட்டார்கள். பிள்ளை சொன்னால் முதலில் நம்பணும், மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம் என்று அவர் அன்று சொன்னதற்கு, நீங்க பஸ் ஓட்டுறவரு, பிள்ளைகளைப் பத்தி எனக்குத் தெரியும் என்று பதில் பேசினேன். பேசத்தான் எனக்கு நன்றாக வருமே.

நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் கட்டணத்தையும் ரிசல்ட்டையும் கேட்பதற்கு முன்னால், பிள்ளை ஒரு குறை சொன்னால் இங்கே யார் கேட்பார்கள், கேட்டதை என்ன செய்வார்கள் என்று கேள். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். உன் பிள்ளை உன்னிடம் ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதே, யாரைப் பற்றிச் சொன்னதோ அந்த ஆள் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தாதே, நாலு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதே. நல்ல வாத்தியார் என்று ஊரே சொன்னாலும் சரிதான். எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்டால் பதில் இல்லை. ஆனால் எப்படியெல்லாம் தப்புச் செய்யலாம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

சீட்டு இல்லை, எரித்துவிட்டேன். பதிவேட்டில் பொய் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சியாக அந்தப் பிள்ளையைத் தவிர்த்தால் மிச்சம் இருப்பது என் ஞாபகம் ஒன்றுதான். அதையும் இல்லை என்று சொல்லச் சொல்கிறாய். அப்படிச் சொன்னால், முன்பு எந்தப் புகாரும் இல்லாத மனிதர் என்று அவர் வக்கீல் கோர்ட்டில் நின்று பேசுவார், அந்த இரண்டு பிள்ளைகளையும் பொய்க்காரிகள் ஆக்குவார். உண்மையைச் சொன்னால் உன் கல்யாணம் என்ன ஆகும், என் பென்ஷன் என்ன ஆகும், என்மேல் வழக்கு வருமா, தெரியாது. வந்தால் அது எனக்கு வர வேண்டியதுதான். பெண் வீட்டாருக்கு நீயே போய்ச் சொல். உனக்கு வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் வெளியே காட்ட மாட்டேன்.

சீட்டு எழுதின அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் அதிகாரியிடம் போகக் கூடாது என்று தோன்றியது. ஒரு தடவை கேட்காமல் செய்தது போதும். சமையல்காரம்மாவைப் பிடித்து, அந்தப் பிள்ளைக்கு என்னைப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டு வரச் சொன்னேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது, பஸ் நிறுத்தத்துக்கு மதியம் வரட்டும் என்று. எந்த ஊர், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை உனக்கும் எழுத மாட்டேன். பதினெட்டு வயதாகிவிட்டது. தள்ளித்தான் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை கூப்பினேன். அவள் கூப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பனி மூட்டத்தில் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க போய்ச் சொல்லுங்க டீச்சர். எம் பேர மட்டும் நீங்க சொல்லாதீங்க. சொல்லணும்னு தோணுச்சுன்னா நானே வந்து சொல்லிக்கிறேன்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு அவளிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. எழுந்தவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். இப்போது புகார் சொன்ன அந்த இரண்டு பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். எட்டு என்றேன். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அவள் கரும்பலகை முன்னால் நின்று கணக்குப் போடும்போதும் அப்படித்தான் செய்வாள்.

"அப்ப நான் எழுதிப் போட்டப்போ அதுக மூணாப்பு" என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார், அவள் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது, நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போகிறேன். நீ தடுக்க வர வேண்டாம்.

அம்மா